கக்கூஸா, வேலையா?

2017 டிசம்பர். பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. சிந்தாதிரிப்பேட்டைக் கூவங்கரையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அதிகாரி அம்மாவிடம் ஒரு தாளை நீட்டினார். அம்மா அதை வாங்கி அப்படியே என்னிடம் கொடுத்தாள்.

"இன்னா எழுதிக்கீதுன்னு படி."

படித்தேன். பெரும்பாக்கத்தில் வீடு. உள்ளேயே கக்கூஸ், குழாய், கரண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூட்டை முடிச்சோடு பாலத்து மேலே மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். "போலாம்மா" என்றேன். "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேருக்கும் அந்தத் தாளை நான்தான் படித்துச் சொன்னேன். எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். எம்.ஏ. தமிழ் படித்த நான் என் சனத்துக்குச் செய்த முதல் காரியம் அதுதான்.

நாலு வருடம் ஆறு மாதம் கழித்து, 2022 ஜூனில், ஒரு குட்டி யானையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மறுபடியும் பட்டணத்துக்குள் வந்தோம். இது அந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் நடந்தது.

போனபோது குப்பை அள்ளுகிற லாரியில் போனோம். அம்மியை வைக்க இடமில்லை என்று கரையிலேயே போட்டுவிட்டு வந்தோம். குலுக்கலில் எங்களுக்கு ஆறாவது மாடி வந்தது. நாற்பது வருடம் ஒட்டுச் சுவராக இருந்த பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வேறு பிளாக்.

பொய் சொல்லக் கூடாது. அந்த வீட்டில் கால் வைத்ததும் அம்மா நேராகக் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் "இரு, உள்ளதான் கீறேன்" என்று சிரிப்புச் சத்தம். ஆற்றங்கரையில் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு கிடந்த பெண்களுக்குத்தான் அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும். எங்களை வெளியேற்றியதை எதிர்த்து எழுதிய தோழர்கள் பலருக்கு அது தெரியாது. அவர்கள் வீட்டில் கதவு வைத்த கக்கூஸ் எப்போதும் இருந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை.

அம்மா எழும்பூரில் நாலு வீடுகளில் வேலை செய்தாள். கரையிலிருந்து நடந்தே போய்விடுவாள். காலையில் இரண்டு வீடு. நடுவே வந்து சோறாக்கி வைத்துவிட்டுச் சாயங்காலம் இரண்டு வீடு. பெரும்பாக்கத்திலிருந்து எழும்பூருக்குச் சுமார் 25 கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். விடியற்காலை நாலரைக்கே படி இறங்குவாள். ஆறு மாடி. லிப்ட் ஓடினால் அதிர்ஷ்டம். நாலு வீடு இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று. "அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றவ, மழை பேஞ்சா வரமாட்டா" என்றார்களாம். 2020 மார்ச் ஊரடங்கில் பஸ் நின்றது. அந்த ஒரு வீடும் போயிற்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல காரியம்தான். ஆனால் அம்மாவுக்குத் துட்டு மட்டுமா செலவானது? போக வர ஐந்து மணி நேரத்தை யார் இலவசமாகத் தருவார்கள்?

என் வீட்டுக்காரர் பெயிண்டர். காலை ஆறரைக்கு ஆள் எடுக்கிற முக்கில் நின்றால்தான் வேலை. ஏழரைக்குப் போய் நின்றால் டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக எந்த வேலையை விட்டு ஓடி வந்தோமோ, அந்த வேலையின் வாசலில் எங்களைக் கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். அம்மா அதற்கும் போய்க் கேட்டாள். வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

என் பெரிய மகள் அப்போது ஏழாவது படித்தாள். ஒருநாள் அவள் நோட்டைப் புரட்டினேன். விலாசம் என்ற இடத்தில் "மேடவாக்கம்" என்று எழுதியிருந்தாள்.

"ஏம்மா, நாம மேடவாக்கத்துலயா கீறோம்?"

"பெரும்பாக்கம்னு சொன்னா ஒரு மாதிரி பாக்கறாங்கம்மா. எதுனா காணாப்போனா என் பையைத்தான் மொதல்ல பாக்கறாங்க."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கல்லூரியில் நான் என்ன செய்தேன்? "நீங்க எந்த ஆளுங்க?" என்று கூடப் படித்தவள் கேட்டபோது, பிறந்த சாதியை விழுங்கிவிட்டு ஊர்ப் பேரைச் சொன்னேன். நான் சாதியை ஊருக்குள்ளே ஒளித்தேன். என் மகளுக்கு அந்த வசதியும் இல்லை. அவளுக்கு ஊரே சாதியாகிவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஊருக்கு வெளியே சேரியை வைத்தவர்கள் இப்போது நகரத்துக்கு வெளியே எட்டு மாடியில் சேரியைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு நான் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் தாத்தா மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பண்ணையார் கடனுக்குத் தப்பி ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்தவர். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைக் கொண்டாடியவர்களை அம்பேத்கர் கடுமையாக மறுத்துப் பேசினார். தாத்தாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் கிராமத்தை விட்டு வெளியேறுவது விடுதலையின் ஒரு வழி என்று அவருடைய கால்களுக்குத் தெரிந்திருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் கடந்துபோன கூவங்கரை அவருக்கு யாருக்கும் கும்பிடு போட வேண்டாத இடமாக இருந்தது.

இந்த நகரம் எங்களுக்கு யாரோ போட்ட பிச்சை அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியது இங்கேதான். 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைக் கொண்டுவந்தது இராயப்பேட்டையிலிருந்துதான். நாங்கள் கல் சுமந்தோம், மலம் அள்ளினோம், எழுதவும் செய்தோம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுப்பது சாத்தியம் என்று செய்தே காட்டினார்கள். அந்தக் காலத்து வீடுகள் நகரத்தின் நடுவில் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. 2000-த்துக்குப் பிறகு வந்த கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்களை மொத்தமாக வெளியே தள்ளின. 2021-இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயரிலிருந்து குடிசை போய்விட்டது. நகரத்திலிருந்து நாங்களும் போய்விட்டோம்.

ஆற்றங்கரை ஆபத்து என்கிறார்கள். சரி, ஆபத்துதான். அந்த வெள்ளத்தைப் பார்த்தவள் நான். ஆனால் சதுப்பு நிலத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்களே, அங்கே மழை பெய்தால் தண்ணீர் நிற்கவில்லையா? ஆற்றின் ஓரத்தில் எழும்பிய பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஆபத்து கிடையாதா?

திரும்பி வருவது என்று முடிவு செய்ததும் வீடு தேடி இரண்டு மாசம் அலைந்தோம். "என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்டவர்கள் இரண்டு பேர். "கறி சமைப்பீங்களா?" என்று சுற்றிக் கேட்டவர்கள் ஏழு பேர். "முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டு, பெரும்பாக்கம் என்றதும் "சொல்லி அனுப்புறோம்" என்றவர்களுக்குக் கணக்கே இல்லை. கடைசியில் புதுப்பேட்டையில் ஒரு பாய் வீட்டு மாடியில் ஒற்றை அறை கிடைத்தது. வாடகை 6,500. அட்வான்ஸ் 50,000. அதற்கு என் தாலிச் சரடு போயிற்று. சீட்டுப் பணமும் போயிற்று. ஐந்து குடும்பத்துக்குக் கீழே ஒரே கக்கூஸ். காலையில் வாளியோடு வரிசை.

அம்மாவுக்கு மூன்று வீடுகளில் வேலை கிடைத்துவிட்டது. நடந்துபோய் வருகிறாள். ஒருநாள் வரிசையில் நின்றபடி சொன்னாள்:

"கக்கூச உட்டுட்டு வந்து வேலையத் தேடிக்கினோம். ரெண்டையும் சேத்துக் குடுத்தா இவங்களுக்கு இன்னா கொறஞ்சிபூடும்?"

இதைவிடத் தெளிவாக எந்தக் கருத்தரங்கிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"வீடு கொடுத்தாலும் இவங்க இருக்க மாட்டாங்க. வித்துட்டு, வாடகைக்கு விட்டுட்டு மறுபடியும் இங்கயே வந்துடுவாங்க" என்று ஒரு பேச்சு இருக்கிறது. படித்தவர்களும் சொல்கிறார்கள். நன்றி கெட்டவர்கள் என்ற அர்த்தத்தில். அவர்களுக்குச் சொல்கிறேன்: நாங்கள் விற்கவில்லை. பூட்டிவிட்டு வந்திருக்கிறோம். பூட்டியே கிடந்தால் ஒதுக்கீட்டை ரத்து செய்துவிடுவார்களோ என்ற பயத்தில், மாசம் இரண்டு ஞாயிறு அம்மா பஸ் ஏறிப் போய் வீட்டைக் கூட்டி, ராத்திரி லைட்டைப் போட்டுவிட்டுப் படுத்து எழுந்து வருகிறாள். வேலை இருக்கிற இடத்தில் வாடகை, வீடு இருக்கிற இடத்தில் மாதாந்திரக் கட்டணம், இரண்டையும் கட்டுகிறோம். யாராவது ஆசைப்பட்டு இப்படி வாழ்வார்களா?

இன்னொரு கேள்வியும் வந்தது. அது எதிரியிடமிருந்து வரவில்லை; அதனால்தான் குத்துகிறது. பெரும்பாக்கத்தில் எங்கள் பிளாக் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். "மக்களை விட்டுட்டு வந்துட்டீங்களே தோழர்" என்றார் கூட வேலை செய்யும் ஒருவர். அவர் குடும்பம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்டது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை மட்டும் போய் வகுப்பு எடுக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் வகுப்புக்கு அது ஈடாகாது.

போன மாசம் அம்மாவோடு போயிருந்தேன். எங்கள் தளத்தில் எதிர்வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அன்று நான் தாளைப் படித்துச் சொல்லிக் கைநாட்டு வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

"புள்ளைங்க நல்லா கீதாமே? அங்க சேத்துட்டியா இஸ்கூல்ல?"

"சேத்துட்டேன்கா."

"வெலாசம் இன்னா எழுதுது?"

"புதுப்பேட்டைன்னு எழுதுதுக்கா."

அக்கா கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் எதுனா ரூம் இருந்தா பாரு. அட்வான்ஸ்தான்…" என்று நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் வந்ததற்கும் அவர் அங்கேயே இருப்பதற்கும் நடுவில் இருப்பது 50,000 ரூபாய். வேறு ஒன்றுமில்லை. அடுத்த தாளோடு யாராவது வந்தால், வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் படித்துச் சொல்ல மாட்டேன். அங்கிருந்து எழும்பூருக்கு நடக்க முடியுமா என்று கேட்கச் சொல்லித் தருவேன்.