அம்மாயியோட ஊசிக் கூடு

எங்க அம்மாயி தையல் ஊசிகள ஒரு பித்தளைக் கூட்டுலதான் வச்சிருக்காங்க. விரல் நீளம், வாய்க்கு ஒரு துணித் தக்கை. அது .303 ரைபிள் தோட்டாவோட வெத்துக் கோதுன்னு கெம்பஸ் வந்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது. அவங்க அப்பா சின்ன வயசுல, தொரைமார் சுட்டுப் பழகுற எடத்துல பொறுக்கினதாம். நம்பக்கூடிய கதைதான். சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்னு ஒரு தொண்டர் படை 1900ல இருந்து 1949 வரைக்கும் மலையகத்துல இருந்தது. வெள்ளைக்காரத் தொரைமாரோட படை. கொழுந்து எடுத்தவங்களுக்கு அதுல மிஞ்சினது இந்தக் கோது மாதிரி சாமான்தான்.

சுட்டு முடிஞ்ச கோது குப்பைன்னு நெனச்சிருந்தேன். அமெரிக்காவுல, கனடாவுல அத வீட்டுலயே திருத்தி, மறுபடி மருந்து அடைச்சுச் சுடுறவங்க நிறையப் பேர் இருக்காங்க. வெடிக்கும்போது பித்தளை வீங்கி, துவக்கோட வெடி அறைச் சுவரில ஒட்டிக்கும். அதனாலதான் வாயு பின்னால வந்து சுடுறவர் மூஞ்சியில அடிக்காது. பிறகு கொஞ்சம் சுருங்கும், ஆனா பழைய அளவுக்கு வராது. அதத் திரும்பப் பாவிக்கணும்னா, மசகு தடவி ஒரு எஃகு அச்சுக்குள்ள அழுத்தி எடுக்கணும். மசகு தடவாட்டி அச்சுலயே இறுகிடும்.

.303ல கூடுதலா ஒரு சிக்கல். போர்க்களத்துச் சேத்துலயும் தோட்டா தடையில்லாம உள்ள போகணும்னு லீ என்ஃபீல்ட் ரைபிளுக்கு அறையத் தாராளமா கடைஞ்சிருப்பாங்க. கோது நல்லா வீங்கும். ஒவ்வொரு தடவையும் முழுக் கோதையும் நசுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தா, அடிப்பாகத்துக்குச் சற்று மேல பித்தளை மெலிஞ்சு, ஒருநாள் வெடிக்கையில ரெண்டா பிஞ்சிடும். அதனால விவரம் தெரிஞ்சவங்க கழுத்த மட்டும் இறுக்குவாங்க. குண்டைப் பிடிச்சுக்க அது போதும். ஆனா அந்தக் கோது பிறகு சுட்ட அதே துவக்குக்குத்தான் ஒழுங்கா பொருந்தும். அம்மாயியோட ஊசிக் கூட்ட யாரும் திருத்தல. ஏதோ ஒரு தொரையோட துவக்கின் அளவு இன்னும் அதுல அப்படியே இருக்கு.

எதையும் தூக்கி எறியாத ஆளுங்க நாங்க. பால்மா டின் விளக்காகும், உரப் பை பாயாகும். இந்தக் கலை மட்டும் லயத்துப் பக்கம் வரல. வரவும் முடியாது. துவக்குக்கு 1916ம் ஆண்டுச் சட்டம், வெடிமருந்துக்கு 1956ம் ஆண்டுச் சட்டம், ரெண்டுக்கும் அனுமதிப்பத்திரம் வேணும். சொந்தமா ஒரு பேர்ச் காணி இல்லாதவர், பயிரக் காக்கத் துவக்கு வேணும்னு எந்தக் கந்தோர்ல போய் நிக்கிறது?

பன்றிக்கு இதெல்லாம் தெரியாது. லயத்துக்குப் பின்னால போட்ட லீக்ஸும் கிழங்கும் ஒரே ராத்திரியில போயிடும். அப்போ கைக்குக் கிடைக்கிறது கம்பி. காசு வேணாம், சத்தம் வராது. துவக்கு வச்சிருக்கிறவர் எதச் சுடுறோம்னு பார்த்துச் சுடலாம். சுருக்குக் கம்பி யாரையும் பார்க்காது. 2020 மே 26ம் தேதி, எங்க நல்லதண்ணி லக்சபான தோட்டத்து மரக்கறிப் பாத்தியில ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டுச்சு. கழுத்துல காயம். மயக்கி உடவளவைக்குக் கொண்டுபோனாங்க. 29ம் தேதி செத்துப்போச்சு.

அந்த வாரம் பேஸ்புக் முழுக்க எங்க ஆளுங்களுக்குத் திட்டு. கோபம் நியாயம்தான், அந்தப் படத்தப் பார்த்து எனக்கும் தொண்டை அடைச்சது. ஆனா பாத்தி போட்டவங்க நஷ்டத்துக்கு என்ன செய்றாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. நான் துவக்கு கேக்கல. பாத்தி இருக்கிற மண்ணுக்கு எங்க பேர்ல ஒரு உறுதி கேக்குறேன். நாளைக்குத் தோட்டம் திருப்பி எடுத்துக்கிற மண்ணுக்கு யாரு காசு போட்டு வேலி அடிப்பா?