பிள்ளை தூங்கும்போது

பிரசவமான பெண்ணிடம் “தூக்கம் எப்படி இருக்கு?” என்று கேட்டால் பதில் தெரிந்ததுதான். “பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு எங்க மேடம் தூங்குறது?” கூட வந்த அம்மாவும் மாமியாரும் சிரிப்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. “பிள்ளை தூங்குது, பக்கத்துல பாத்துக்க ஆளும் இருக்கு. அப்ப படுத்தா உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா?” என்று கேட்கிறேன். அசதி மட்டும் உள்ளவர், “அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்” என்பார். மனச்சோர்வில் இருப்பவர் உடனே பதில் சொல்லமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “இல்ல மேடம், கண்ண மூடினா எதையாவது நெனச்சுக்கிட்டே இருக்கேன்” என்று வரும். மனநல மருத்துவராக அரசு மருத்துவமனையிலும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்தப் பெண்களைப் பார்த்துவருகிற எனக்கு இதைவிடக் கூர்மையான கருவி கிடைத்ததில்லை.

பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறிய, 1987-இல் ஜான் காக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட எடின்பரோ அளவுகோலைத்தான் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். அதன் 7-ஆம் கேள்வியும் வெறுமனே தூக்கம் கெட்டதா என்று கேட்பதில்லை. மனவருத்தத்தால் தூக்கம் வராமல் போனதா என்றுதான் கேட்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் இதைத் தமிழில் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு இருக்கலாம் என்று மூல அளவுகோலில் 13-இல் போடும் கோட்டை நம் பெண்களுக்கு 9-லேயே போடவேண்டும் என்று அவர்கள் கண்டது எனக்கு முக்கியமான செய்தி. நம் பெண்கள் குறைத்துச் சொல்கிறார்கள். அவர்கள் சொன்ன அளவையே முழு அளவாக எடுத்துக்கொண்டால் பலரை விட்டுவிடுவோம்.

அந்தத் தாளை நான் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் கணவர் வாங்கி, அவரே நிரப்பித் தந்துவிடுவார். பேச்சுத் தமிழில் நானே வாசித்துக் கேட்கிறேன். அதற்குத் தனிமை வேண்டும். கூட்டம் நெரிகிற புதன்கிழமைத் தடுப்பூசி நாளில் தனிமைக்கு எங்கே போவது? இங்கேதான் செவிலியர்கள் கைகொடுக்கிறார்கள். “பாட்டி, பிள்ளைய எடை போட்டுட்டு வந்துருவோம், வாங்க” என்று பிள்ளையையும் பாட்டியையும் அடுத்த அறைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். சட்டையைக் கழற்றி, எடை பார்த்து, அட்டையில் எழுதி, மறுபடி சட்டை மாட்டி வருவதற்குள் ஐந்தாறு நிமிடம் கிடைக்கும். பெரும்பாலான பெண்கள் வாய் திறப்பது அந்த நேரத்தில்தான். புதன்கிழமை ஊசிக்குப் பிள்ளையைக் கொண்டுவராத தாய் அபூர்வம். தன் மனசு சரியில்லை என்று தானாக வருகிற தாயும் அபூர்வம். அதனால் மனநல மருத்துவர் இருக்கவேண்டிய இடம் தடுப்பூசி போடும் இடம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

10-ஆவது கேள்வியை மட்டும் நான் சுற்றி வளைக்காமல் கேட்பேன். “செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?” கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஒருவராவது கேட்டாரே என்று அழுதவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அதைக் கேட்கப் பல மருத்துவர்களே தயங்குகிறார்கள். “பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோ, நாமளே ஏதாவது பண்ணிடுவோமோன்னு கெட்ட எண்ணம் வருதா?” ஒரு வீட்டில் அரிவாள்மனை காணாமல் போனது. மருமகள் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். காய் நறுக்க அங்கே போய்வந்தார். கிணற்றுப் பக்கம் போகமாட்டார், பிள்ளையைக் குளிப்பாட்ட மாட்டார். சோம்பேறி என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளையைத் தன் கையாலேயே வெட்டிவிடுவதாகக் காட்சி கண்முன் வந்து அவர் நடுங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. இது மனச்சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) ஒரு வகை. அந்த எண்ணத்தைக் கண்டு அஞ்சி ஓடுகிறவர் அதைச் செய்யப்போகிறவர் அல்ல. இதைச் சொன்னபோது அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். மருந்து பிறகுதான். இப்படிப்பட்டவரைப் பயங்கரமானவர் என்று எண்ணிப் பிள்ளையைப் பிரித்துவிடுவதைப்போல் ஒரு கொடுமை இல்லை.

பிரித்தறிய வேண்டியது வேறொரு நோயை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், புத்தி தடுமாறுகிற நோய் வரும். அதற்கும் முதல் அடையாளம் தூக்கம்தான். ஆனால் இங்கே தூக்கமில்லை என்ற குறையே இருக்காது. இரவெல்லாம் விழித்திருந்தும் அசதி தெரியாது. பேச்சு வேகமாகும், சம்பந்தமில்லாமல் தாவும். இது சாதாரணப் பிள்ளை அல்ல என்பார், அல்லது இது என் பிள்ளையே இல்லை என்பார். அந்த எண்ணம் அவரை அச்சுறுத்தாது, உண்மையென்றே நம்புவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் மாறிவிடுவதால், மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. ஊரில் பிரசவ சன்னி என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். நான் வாதம் பண்ணுவதில்லை. கயிறு கட்ட வேண்டுமானால் கட்டிக்கொள்ளுங்கள், கட்டின கையோடு வண்டியில் ஏற்றுங்கள் என்பேன். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009-இல் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் பிரிவு தொடங்கினார்கள். மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும். ஒவ்வொரு தலைமை மருத்துவமனையிலும் நான்கு கட்டில் இருந்தால்கூடப் போதும்.

இனிச் சிகிச்சை. சீட்டில் முதல் வரியாக நான் எழுதுவது மாத்திரை அல்ல. ‘இரவில் தொடர்ந்து ஐந்து மணி நேரத் தூக்கம்.’ பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு இது எப்படி நடக்கும் என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். நடக்கும். தாய் படுக்கப்போகும் முன், கையைக் கழுவிக்கொண்டு, கொதிக்கவைத்த கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடிவைக்க வேண்டும். குளிர்பெட்டி இருந்தால் அதில் வைக்கலாம். இல்லையென்றால் நம் ஊர் வெக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை விழித்ததும் பாட்டியோ அப்பாவோ எடுத்து, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, பால் புகட்டும் பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, பிள்ளை விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். வாயில் ஊற்றிவிடக் கூடாது. பாலாடையையும் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். அப்பாக்கள் இதை ஆச்சரியப்படும்படி நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். வார்டிலேயே என் எதிரில் ஒருமுறை செய்யச் சொல்வேன்.

மருந்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும் என்ற பயத்தில் நிறுத்திவிடுகிறார்கள். செர்ட்ரலின் போன்றவை பாலில் கலப்பது மிகச் சொற்பம். லித்தியத்துக்குக் கணக்கு வேறு. வால்புரோயேட்டைப் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு எழுதாமல் தவிர்க்கவேண்டும். மாத்திரையில் இருக்கும் பெண் கருவுறுவதற்கு முன்பே வந்து பேசுவது நல்லது. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதுதான் பெரிய கேடு.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. தாய் வீட்டில் இருக்கும் வரை பெண்ணுக்கு வெந்நீரும் பத்தியச் சாப்பாடும் தேடி வரும், பிள்ளையைத் தூக்க நாலு கை இருக்கும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குப் போனதும் சமையலும் வேலையும் அவர் தலையில். வேலூருக்கு அருகில் கணியம்பாடி ஒன்றியத்தில் நடந்து, 2002-இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக 11 சதவீதப் பெண்களுக்கு மனச்சோர்வு வந்திருந்தது. வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, உதவிக்கு ஆள் இல்லாமை என்று ஆய்வாளர்கள் கண்ட காரணங்கள் எல்லாம் வீட்டுக்குள் இருப்பவை. ஆனால் செவிலியர் வீடு தேடி வருவது 42-ஆம் நாளோடு நின்றுவிடுகிறது. 14-ஆவது வார ஊசிக்குப் பிறகு 9-ஆம் மாத ஊசிவரை தாய் எங்கள் கண்ணில் படுவதில்லை. இடம் மாறுவதும் அந்த இடைவெளியில்தான்.

அதனால் என் சீட்டின் மேல் மூலையில் இரண்டு ஊர்ப் பெயர் இருக்கும். தாய் வீட்டு ஊர், புகுந்த வீட்டு ஊர். எந்த மாதம் அழைத்துப்போகிறார்கள் என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைச் சுவரில் ஒட்டச் சொல்கிறேன். அந்த மாதம் வந்ததும் இரண்டாவது ஊரின் கிராம சுகாதார செவிலியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னார் மருமகள் பிள்ளையோடு வருகிறார், ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள், எடை போடும் சாக்கில் பிள்ளையை யாரிடமாவது கொடுத்துவிட்டுத் தனியாகப் பேசுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.