இரண்டு வரிசை

ஒரு கொடுமையைக் கலையாக்கலாமா? மக்கள் மாண்ட இடத்தைப் படக்கருவியின் முன் மீண்டும் உருவாக்குவது அறமாகுமா? இவ்வினா நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்து வந்தது. அதற்கு ஒருவாறு விடை தந்தது, 2009ஆம் ஆண்டு வெளிவந்த ‘போலிடெக்னிக்’ என்னும் கனடா நாட்டுத் திரைப்படம். அந்த விடை எனக்கு அமைதி தரவில்லை. ஆசிரியன் என்ற முறையில் என்னையே நான் விசாரித்துக்கொள்ளுமாறு செய்துவிட்டது.

நடந்த நிகழ்ச்சி இது. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் மாலை, மாண்ட்ரியல் நகரிலுள்ள எக்கோல் போலிடெக்னிக் என்னும் பொறியியல் கல்லூரிக்குள் 25 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். ஒரு வகுப்பறையில் மாணவரையும் மாணவியரையும் தனித்தனியே நிற்கச் சொன்னான். ஆடவரை வெளியேற்றினான். எஞ்சி நின்ற 9 மாணவியரிடம், பெண்ணுரிமை பேசுவோரை எதிர்க்கவே தான் வந்திருப்பதாகக் கூறினான். தாங்கள் பொறியியல் படிக்க வந்தவர்களே என்று ஒரு மாணவி எடுத்துரைத்தும் அவன் கேட்கவில்லை, சுட்டான். அவர்களுள் 6 பேர் இறந்தனர். பின்னர் நடைவழி, உணவகம், மற்றொரு வகுப்பறை என்று சென்று சுட்டான். இருபது நிமிடத்திற்குள் 14 பெண்களின் உயிர் போயிற்று. இறுதியில் அவன் தன்னையும் சுட்டுக்கொண்டான். மாண்டவருள் 12 பேர் பொறியியல் மாணவியர். ஒருவர் தாதிமை பயின்றவர். ஒருவர் கல்லூரி ஊழியர்.

இருபது ஆண்டுகள் கழித்து இதனைப் படமாக்கியவர் டெனி வில்நேவ். இன்று நம் மாணவர் அவரை ‘டியூன்’ படங்களின் இயக்குநராக அறிவர். ஆறாத புண்ணைக் கிளறத்தான் வேண்டுமா என்னும் கேள்வி அப்போது எழுந்தது. அக்கேள்வி நியாயமானதே. கொலையைக் காட்டும் படங்கள் பல, பார்ப்பவனின் குருதியைச் சூடேற்றிக் காசாக்குகின்றன. கொலைகாரனைப் பேருருவாக்கி விடுகின்றன. இறந்தவரோ எண்ணிக்கையாகிப் போகின்றனர்.

வில்நேவ் அவ்வழியில் செல்லவில்லை. படம் முழுவதும் கறுப்பு வெள்ளை; சிந்தும் குருதி சிவப்பாகத் தெரிவதில்லை. 77 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கொலைகாரனுக்குப் படத்தில் பெயரே கிடையாது. மாண்ட 14 பெண்களின் பெயர்களோ எழுத்தில் வருகின்றன. படம் அவர்களுக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது. உண்மையில் பாதிக்கப்பட்டவர்களை வேடமாக்காமல், வலெரி என்னும் மாணவியையும் ழான் பிரான்சுவா என்னும் மாணவனையும் கற்பனையாகப் படைத்துக் கதையை நடத்துகின்றார். உண்மையைச் சொல்வதற்குக் கற்பனையைத் துணை கொண்டதும், உண்மையானவர்களின் துயரத்தைக் கடை விரிக்காததும் அவருடைய பண்பாடு என்று கருதுகிறேன்.

படத்தில் என்னை அதிர வைத்த காட்சி துப்பாக்கிக் காட்சி அன்று. தொடக்கத்தில் வலெரி வேலைப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறாள். இயந்திரப் பொறியியல் பெண்களுக்கு ஏற்றதா, நாளை குழந்தை பிறந்தால் என்ன செய்வாய் என்னும் பொருள்பட அங்கிருப்பவர் வினவுகிறார். அவர் கொடியவர் அல்லர், நாகரிகமாகத்தான் பேசுகிறார். ஆயினும் அவர் சொல்லால் செய்ததைத்தான் சற்று நேரத்தில் மற்றொருவன் துப்பாக்கியால் செய்கிறான். இருவரும் ஒரே வகையினர் என்று நான் கூற வரவில்லை. ஆனால், ‘இது உனக்குரிய இடம் அன்று’ என்னும் எண்ணம் இருவரிடமும் உள்ளது.

ழான் பிரான்சுவா மற்ற ஆடவரோடு வகுப்பறையை விட்டு வெளியேறுகிறான். பின்னர் உதவி தேடி ஓடுகிறான். காயமுற்றவளுக்குத் துணை நிற்கிறான். ஆயினும் வெளியே வந்த அந்த நொடியை அவனால் மறக்க இயலவில்லை. பின்னாளில் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்கிறான். துப்பாக்கிக்கு முன் நின்ற அவன் மேல் குற்றம் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கி இல்லாத இடத்திலேயே வாய் திறவாதவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியில் ரோபோட்டிக் போட்டிக்குக் குழு அமைத்தோம். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தானும் சேர விரும்பினாள். “இதைப் பையன்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீ கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்குப் போம்மா” என்று ஆசிரியர் ஒருவர் அன்பாகவே சொல்லி அனுப்பினார். நான் அருகில்தான் நின்றிருந்தேன். தலைமையாசிரியரான நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவளும் “சரிங்க சார்” என்று போய்விட்டாள்.

மொழியாசிரியர்களாகிய நாம் எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாண்ட்ரியலில் இந்நிகழ்ச்சியின் நினைவாக அமைந்த பூங்காவின் பலகையில், முன்னர் இதனைத் துயர நிகழ்வு என்றே எழுதியிருந்தனர். 2019ஆம் ஆண்டில்தான், முப்பது ஆண்டுகள் கடந்தபின், பெண்ணுரிமைக்கு எதிரான தாக்குதல் என்று மாற்றி எழுதினர். புயலும் வெள்ளமும் துயர நிகழ்வுகளே. இதுவோ ஒருவன் எண்ணிச் செய்த செயல். சரியான சொல்லைத் தேடி எடுக்க ஒரு நகரத்திற்கு முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அப்படம் அதனை ஒளிக்காமல் காட்டிவிட்டது. எனவே கொடுமையைக் கலையாக்கலாம். மறைத்த பெயரை எடுத்துரைப்பதாயின் ஆக்கவே வேண்டும்.

காலைச் சபைகூடலில், “பையன்கள் இந்தப் பக்கம், பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம்” என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. படத்தைப் பார்த்த பின் அச்சொற்கள் எனக்கு எழவில்லை. இப்போது வகுப்பு வாரியாக ஒரே வரிசையில் நிற்கச் சொல்கிறேன். இது சிறிய மாற்றம்தான். இதனால் உலகம் திருந்திவிடாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த மாணவி இன்று இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். அவளைக் காணும்போது அன்று சொல்லாத அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறேன்.