கொத்தா, கூட்டமா?

தமிழ் கற்பிக்கும் நமக்கு உயிரணுவின் மேற்பரப்போடு என்ன உறவு என்று நண்பர்கள் வியக்கக்கூடும். அவ்வுறவு ஒரு சொல்லால் வந்தது. உயிரியல் துறைத் தோழர் ஒருவர் தமிழில் பாடக் குறிப்பு எழுதுங்கால், உயிரணுப் பரப்பில் ஏற்பிகள் நெருங்கிக் கிடப்பதைக் கொத்து எனலாமா, கூட்டம் எனலாமா என்று நம்மிடம் வினவினார். கொத்துக்குக் காம்பு உண்டு. திராட்சையாயினும் சாவியாயினும் ஏதோ ஒன்று பிணைத்தாலன்றிக் கொத்தாவதில்லை. கூட்டத்திற்கு அது வேண்டா. பேருந்து நிலையத்தில் தற்செயலாய் நெருங்கி நிற்போரும் கூட்டமே. “ஏற்பிகளுக்குக் காம்பு உண்டோ?” என்று கேட்டோம். அத்துறையார் பல்லாண்டுகளாக வழக்காடுவதே அதைப் பற்றித்தான் என்றார் அவர். அவ்வழக்கு நம்மைப் பற்றிக்கொண்டது.

வழக்கின் நடுவில் நிற்பது டி செல் என்னும் வெள்ளணு. அயற்கிருமியின் புரதத்துணுக்கை அது தன் ஏற்பிகளால் தொட்டறிகிறது. விரல்விட்டு எண்ணத்தக்க துணுக்குகள் இருப்பினும் விழித்துக்கொள்கிறது. இக்கூர்மை எங்ஙனம் வாய்த்தது? ஏற்பிகள் முன்பே கொத்துக்கொத்தாய்க் காத்திருக்கின்றன என்பது ஒரு விடை. ஒன்று தொட்டால் அண்டையிலுள்ளவையும் அறியும் அல்லவா?

பார்த்துவிட்டால் தீரும் என்று தோன்றும். ஆனால் ஏற்பி ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவினது. சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியை ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது என்று எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே வகுத்துவிட்டார். அவ்வேலியைத் தாண்டியோருள் எரிக் பெட்சிக் நமக்கு மிகவும் பிடித்தவர். ஆய்வுலகை விட்டு விலகித் தந்தையாரின் எந்திரத் தொழிலில் சில ஆண்டுகள் இருந்தவர், 2005இல் நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் அவரோடு சேர்ந்து புதிய நுண்ணோக்கி ஒன்றை அமைத்தார். 2014இல் ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

வழி எளியது. எல்லா ஒளிர்மூலக்கூறுகளையும் ஒருங்கே ஏற்றாமல், ஒரு நேரத்தில் சிலவற்றை மட்டும் ஏற்றுவது. தனித்துத் தெரியும் ஒவ்வொரு மங்கல் பொட்டின் நடுவையும் கணித்துக் குறித்துக்கொள்வது. இவ்வாறு ஆயிரக்கணக்கான படங்களின் புள்ளிகளை ஒன்றாய்த் தொகுத்தால், 20 நானோமீட்டர் அளவுக்கு நுண்மை கிட்டும். இம்முறையால் 2010இல் ஓர் ஆய்வுக்குழு, ஓய்வுநிலை டி செல்லிலும் ஏற்பிகள் தீவுகளாய்த் திரண்டுள்ளன என்று அறிவித்தது.

சிக்கல் விளக்கிலேயே இருந்தது. ஒளிர்மூலக்கூறு அணைந்தபின் மீண்டும் மினுக்கும். கணிப்பில் சிறு பிழை இயல்பாதலின், ஒவ்வொரு மினுக்கமும் சற்றே தள்ளிய புள்ளியாகப் பதியும். ஐந்து முறை மினுங்கிய ஒன்று ஐவராய்த் தோன்றும்; ஒரு கொத்தாகவும் தோன்றும்! சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இது புதிதன்று. ஒரே தாய்ச்சுவடியிலிருந்து படியெடுத்த ஐந்து ஏடுகள் ஒரு பாடத்தைக் காட்டினால் அது ஐந்து சான்று ஆகாது. சான்றுகளை எண்ணுமுன் அவற்றின் பிறப்பை வினவவேண்டும்.

வியன்னா ஆய்வாளர்கள் அவ்வாறே வினவினர். ஒளிர்குறியின் அடர்த்தியை மாற்றி மாற்றிப் பார்க்கும் முறையொன்றை 2016இல் வெளியிட்டனர். மெய்யான கொத்தெனில், குறி கூடக்கூடக் கொத்தின் உள்ளேதான் புள்ளிகள் மிகும். வெளி வெறுமையாகவே இருக்கும். மினுக்கத்தால் வந்த மாயக் கொத்தெனில், பரப்பு முழுதும் மெல்ல நிரம்பிவிடும். 2018இல் அவர்கள் ஓய்வுநிலை டி செல்லை ஆராய்ந்து, ஏற்பிகள் தற்செயலாய்ச் சிதறியே கிடக்கின்றன என்றனர். எல்லோரும் அதை ஒப்பவில்லை. மாறுபட்ட முடிவுகளும் வந்துள்ளன. நமக்கென்னவோ, தன் கருவியையே குறுக்கு விசாரணை செய்த வியன்னாவார் பக்கமே மனம் சாய்கிறது.

செல் விழித்தபின் ஏற்பிகள் மெய்யாகவே திரள்கின்றன, அதில் வழக்கில்லை. அங்கே கொத்து என்னும் சொல் பொருந்தும். ஆனால் விழிக்குமுன் அவை சிதறித்தான் கிடந்தன எனில், அத்தனை சிறிய தீண்டலை அச்செல் எவ்வாறு அறிந்தது என்னும் பழைய வினாவுக்கு வேறு விடை தேடியாகவேண்டும்.