பரவலில் பிறக்கும் கோலம்

குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு நீலமை விழுகிறது. சிறிது நேரம் நூல் நூலாய் அலைந்து, பின்னர் நீர் முழுவதும் ஒரே நிறமாகிவிடுகிறது. பரவுதல் என்பது வேறுபாட்டை அழிப்பது. பள்ளிப் பிள்ளையும் அறிந்த உண்மை இது. அந்தப் பரவுதலே விலங்கின் தோலில் புள்ளிகளையும் கோடுகளையும் தோற்றுவிக்கக்கூடும் என்றால் யார்தாம் நம்புவர்?

அவ்வாறு சொன்னவர் ஆங்கிலக் கணித மேதை ஆலன் டூரிங். (அவருடைய தாயார் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர்.) எப்பக்கமும் ஒரே சீராயிருக்கும் உருண்டைக் கருவில் உருவ வேறுபாடு எங்ஙனம் தோன்றுகிறது என்பதே அவர் வினா. இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1952 ஆகஸ்டில் வெளிவந்த கட்டுரையில், இரண்டு இரசாயனப் பொருள்களையும் அவற்றுக்குரிய இரண்டு சமன்பாடுகளையும் கொண்டே அவர் விடை தேடினார். ஒவ்வொரு சமன்பாட்டிலும் இரு பகுதிகள்: பொருள் எவ்வளவு விளைகிறது என்பது ஒன்று, எவ்வளவு பரவுகிறது என்பது மற்றொன்று.

ஊரில் எழும் வதந்தியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வதந்தி தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். பெருகுமிடத்திலேயே மறுப்பையும் எழுப்பிவிடும். இரண்டும் ஒரே விரைவில் பரவினால் மறுப்பு வதந்தியை அடக்கும், ஊர் அமைதியாகும். மறுப்பு விரைந்தோட, வதந்தி மெல்ல ஊர்ந்தாலோ கதை வேறு. பிறந்த தெருவில் மறுப்பு மெலிந்து வதந்தி நிலைக்கும். சுற்றுத் தெருக்களில் மறுப்பு முந்திச்சென்று அதனை நுழையவிடாது. மறுப்பும் ஓய்ந்த தொலைவில் மற்றொரு வதந்தி தலைதூக்கும். இப்படியே ஒழுங்கான இடைவெளியில் ஊரெங்கும் புள்ளிகள்! அந்த இடைவெளியை எவரும் அளந்து வைக்கவில்லை. விளைவதும் பரவுவதுமாகிய விரைவுகளே அதனை முடிவு செய்கின்றன. தனித்தனியே அமைதியைத் தரும் இரண்டு செயல்கள் சேர்ந்தபோது அமைதியைக் குலைக்கின்றன. கணக்கின் அழகு இங்கேதான் இருக்கிறது.

கட்டுரையிலுள்ள புள்ளிப் படத்தை டூரிங் சில மணி நேரத்தில் கையாலேயே கணக்கிட்டு வரைந்தார். அதே 1952 மார்ச்சில், ஆணோடு கொண்ட உறவுக்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது; சிறைக்கு மாற்றாக ஹார்மோன் மருந்தை ஏற்க நேர்ந்தது. 1954 ஜூன் 7இல், 41 வயதில் இறந்தார். செடிகளின் இலையடுக்கு பற்றிய அவருடைய கணக்குகள் முற்றுப்பெறாமலே நின்றன.

1990இல் பிரான்சின் போர்தோ நகரில், கூழ்த்தகட்டில் நடந்த இரசாயன மாற்றமொன்று அத்தகைய புள்ளிகளைக் காட்டியது. 1995இல் ஜப்பானியரான கோண்டோவும் அசாயும் ஏஞ்சல் மீனை ஆராய்ந்து எழுதினர். மீன் வளர்ந்தால் அதன் கோடுகளும் உடன் விரியும் என்றே எவரும் எண்ணுவர். சமன்பாடு வேறு சொன்னது. மீனும் அதன்படியே நடந்தது. உடல் வளர்ந்து கோடுகளின் இடைவெளி இருமடங்கானதும், நடுவே புதிய கோடு முளைத்தது. இடைவெளி பழைய அளவுக்கே திரும்பியது.