ஸ்கூலுக்கு அனுப்ப முடியாத பிள்ளைக்கு ஃப்ரீயா ஆன்லைன்ல என்ன இருக்கு?

கொஞ்சம் நீளமான த்ரெட். நாள்பட்ட நோயோட வீட்ல இருக்கற பிள்ளை யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா, முழுசா படிச்சிட்டு அந்த வீட்டுக்கு அனுப்பி விடுங்க.

“ஆறு மாசத்துக்கு ஸ்கூல் வேண்டாம்”னு ஒரு டாக்டர் சொல்றதுக்கு அஞ்சு செகண்ட் போதும். அதுக்கப்பறம் அந்த ஆறு மாசம் பிள்ளை வீட்ல என்ன பண்ணும்ங்கறதுக்கு எந்த மருந்துச்சீட்டுலயும் பதில் இருக்காது.

அன்னூர் பக்கம் மில்லுக்குப் போற ஒரு குடும்பம். ஆறாவது படிக்கற பையன். அரசுப் பள்ளி. ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. குழந்தைகளுக்கு வர்றதுலயே அதிகம் பாக்கறதும் இதுதான், நல்லா குணமாகறதும் இதுதான். வைத்தியம் கோயமுத்தூர்ல. நடுவுல காய்ச்சல்னாலோ ரத்த அணு எண்ணிக்கை பாக்கவோ எங்ககிட்ட வருவாங்க. மொத்தம் ரெண்டுல இருந்து மூணு வருஷ சிகிச்சை. ஆனா ரொம்பக் கடுமையான கட்டம் முதல் ஆறேழு மாசம்தான். அதுக்கப்பறம் பெரும்பாலான பிள்ளைங்க மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே ஸ்கூலுக்குப் போகலாம்.

அந்தம்மா கேட்டாங்க: “ஏனுங் சார், போன்லயே படிக்க வெக்கற மாதிரி காசில்லாம ஏதாச்சும் இருக்குங்களா? ஒரு ஆப்காரர் வந்து, டி.சி. வாங்கிட்டு எங்ககிட்ட சேத்துடுங்க, நாப்பதாயிரம், மாசத் தவணைல கட்டலாம்னு சொல்லிட்டுப் போனாருங்.”

முதல்ல சொன்னது: டி.சி. வாங்காதீங்கம்மா. பணம் கட்டாதீங்க.

ஏன்னா, “ஆன்லைன் ஸ்கூல்”னு சொல்றது பலதும் டியூஷன்தான். பள்ளி இல்ல. அவங்க குடுக்கற சர்டிபிகேட்டை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பிள்ளை பேரு ஸ்கூல் பதிவேட்டுல இருந்தா புத்தகம் வரும், உதவித்தொகை வரும், முக்கியமா திரும்பிப் போக ஒரு பெஞ்சு இருக்கும். தமிழ்நாட்டுல எட்டாவது வரைக்கும் ஃபெயில் போடறதில்ல. அதனால ஹெட்மாஸ்டர்கிட்ட மருத்துவச் சான்றோட ஒரு லெட்டர் குடுத்துட்டு, ஒப்புகை வாங்கி வெச்சுக்கங்க. சான்று வேணும்னா எங்களை மாதிரி அரசு டாக்டர்கிட்ட கேளுங்க, தயங்க வேண்டாம்.

ஏற்கனவே டி.சி. வாங்கிட்டவங்களும் பயப்பட வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயசுப் பிள்ளையை அதோட வயசுக்கேத்த வகுப்புல சேத்துக்கணும். டி.சி. வரத் தாமதமாகுதுங்கறதைக் காரணமா காட்டி அரசுப் பள்ளில சேர்க்க மறுக்க முடியாது. எங்கயாவது முட்டுச்சுன்னா பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417.

சரி, காசில்லாம என்ன இருக்கு?

எல்லாத்துக்கும் மேல பாடப்புத்தகம். சமச்சீர் புத்தகம் ஒண்ணு முதல் பன்னெண்டு வரைக்கும், தமிழ், இங்கிலீஷ் ரெண்டு மீடியமும், அரசு வெப்சைட்ல பி.டி.எஃபா இலவசம். பாடத்துக்குப் பக்கத்துல இருக்கற க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணினா அந்தப் பாடத்தோட வீடியோ வரும். நிறைய வீடுகள்ல அந்தக் கட்டத்தை ஒரு தடவைகூட யாரும் ஸ்கேன் பண்ணினதில்ல.

கல்வித் தொலைக்காட்சி. 2019-ல ஆரம்பிச்சது. கொரோனா காலத்துல நம்ம அரசுப் பள்ளி டீச்சர்களே நடத்தின வகுப்புகள் யூட்யூப்ல கிடக்கு. புத்தகத்துல இருக்கற அதே பாடம்தானான்னு ஒப்பிட்டுப் பாத்துட்டு போட்டு விடுங்க. பள்ளிக்கல்வித் துறையோட மணற்கேணி ஆப் (2023) இருக்கு. மத்திய அரசோட தீக்‌ஷா இருக்கு.

கதை படிக்க ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் நடத்தறாங்க. படத்தோட நிறைய தமிழ்க் கதைகள், அத்தனையும் இலவசம். படுத்துக்கிட்டே இருக்கற பிள்ளைக்கு கணக்கை விட முதல்ல இது.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்கு கணக்குக்கு கான் அகாடமி. அதை ஆரம்பிச்ச சல்மான் கான் (நடிகர் இல்லைங்க) 2004-ல தூரத்து ஊர்ல இருந்த சொந்தக்காரப் பொண்ணுக்கு போன்லயும் நெட்லயும் கணக்கு சொல்லிக் குடுத்ததுல இருந்துதான் அது முளைச்சுது. வீடியோவெல்லாம் அப்பறம் வந்தது. முதல்ல இருந்தது, அந்தப் பொண்ணுக்காக நேரம் ஒதுக்கின ஒரு ஆள்.

எந்த ஆப்பும் அந்த ஆளோட வேலையைச் செய்யாது. போனை மட்டும் குடுத்தா பத்து நிமிஷத்துல ரீல்ஸ்.

இந்தப் பையன் வீட்ல இருந்தது ஒரே ஸ்மார்ட்போன். அது அப்பாவோட மில்லுக்குப் போயிட்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் வரும். அம்மாவும் ஷிப்ட் போறவங்க. பகல்ல ஆத்தாவும் பேரனும் மட்டும். அதனால இப்படி ஏற்பாடு பண்ணினாங்க: ராத்திரி வைஃபை மாதிரி எதுவும் கிடையாது, அப்பாவோட டேட்டால ரெண்டு வீடியோ மட்டும். பகல்ல வெறும் புத்தகம். பக்கத்து வீட்ல காலேஜ் படிக்கற ஒரு பொண்ணு சாயங்காலம் மாஸ்க் போட்டுக்கிட்டு அரை மணி நேரம் வந்து உக்காரும். கிளாஸ் டீச்சர் அன்னைக்கு நடத்தினதை வாட்ஸப்ல ரெண்டு வரி போடுவாங்க. எழுதப்படிக்கத் தெரியாத ஆத்தாவுக்கு பேரன் கதை வாசிச்சுக் காட்டணும், அது தனி வேலை. நாளைக்கு மொத்தம் ஒண்ணரை மணி நேரம். வீட்ல ஒரே பிள்ளைக்கு அது தாராளம்.

டாக்டரா சிலது சொல்லணும். வின்கிறிஸ்டின்ங்கற மருந்து நரம்பைப் பாதிக்கும். விரல் மரத்துப் போய் கையெழுத்து கோணலாகும். அது சோம்பேறித்தனம் இல்ல, வாயால பதில் சொல்ல விடுங்க. ஸ்டீராய்டு வாரத்துல பசியும் கோவமும் தாறுமாறா இருக்கும், அந்த வாரம் பரீட்சை கிரீட்சைன்னு பேசவே வேண்டாம். ஊசி போட்ட ரெண்டு மூணு நாள் முழு லீவு. படிப்பு ஓடணும், ஆனா பின்னாடி இருந்து தள்ளக் கூடாது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க கதை வேற. தசைச்சிதைவு, மூளை முடக்குவாதம் மாதிரி கடுமையான பாதிப்பு இருந்தா வீட்டுவழிக் கல்வி சட்டப்படி உரிமை, 2012 திருத்தத்துல வந்தது. உங்க வட்டார வள மையத்துல கேட்டா சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர்ற ஏற்பாடு உண்டு. அன்னூருக்கும் உண்டு. கேக்கறவங்கதான் கம்மி.

ஒருவேளை பிள்ளை ஸ்கூலுக்குத் திரும்பவே முடியலைன்னா? அப்பவும் வழி இருக்கு, ஆனா அதுக்குச் சின்னதா கட்டணம் உண்டு. பன்னெண்டரை வயசு முடிஞ்சா அரசுத் தேர்வுத் துறைல எட்டாவது தனித்தேர்வரா எழுதலாம். 14 வயசு ஆனா மத்திய அரசோட தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ்., வழியா பத்தாவது. அஞ்சு வருஷத்துக்குள்ள ஒவ்வொரு பாடமா எழுதி முடிக்கலாம். நடுவுல ஆஸ்பத்திரில படுத்துட்டாலும் எழுதின பாடம் எங்கயும் போகாது. என்.ஐ.ஓ.எஸ்.ல படிச்சா நீட் எழுத முடியாதுன்னு சிலர் கிளப்பி விடறாங்க. அப்படி ஒரு விதி வந்தது நிஜம். 2018-லயே டில்லி ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு.

விருப்பப்பட்டு ஹோம்ஸ்கூலிங் பண்ற கோயமுத்தூர் குடும்பங்கள் சிலதை எனக்குத் தெரியும். அவங்க மேல ஒரு குறையும் இல்ல. ஆனா அங்க லேப்டாப் இருக்கு, வீட்லயே இருக்கற பெரியவங்க இருக்காங்க. நான் பேசறது அது ரெண்டும் இல்லாத வீட்டைப் பத்தி. அந்த வீட்டுப் பிள்ளை ஒரு வருஷம் பதிவேட்டுல இருந்து கழண்டுச்சுன்னா, பதினாலு வயசுல மில்லு வாசல்ல நிக்கும்.

கடைசியா டீச்சர்களுக்கு. இப்படி ஒரு பிள்ளை திரும்ப வரும்போது முடி கொட்டினதைப் பத்தி கிளாஸ்ல முன்னாடியே பேசி வைங்க. காலைல மட்டும்னு அரை நாள்ல ஆரம்பிங்க. கூடப் படிக்கற யாருக்காவது அம்மை போட்டுச்சுன்னா, நம்ம ஊர்ல வெளிய சொல்லாம வேப்பிலை கட்டிட்டு இருப்பாங்க, தெரிஞ்ச அன்னைக்கே இந்த வீட்டுக்கு போன் பண்ணிடுங்க. ரெண்டு நாள் கழிச்சு இல்ல. சாதா பிள்ளைக்கு ஒரு வாரத்துல ஆறிப் போற சின்னம்மை இந்தப் பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. உடனே தெரிஞ்சா தடுக்க மருந்து இருக்கு.