புழுவும் குளவியும்

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். குருவை நினைந்து நினைந்து சீடனும் குருவாவதற்கு வேதாந்திகள் காட்டும் உவமை அது. மண்கூட்டுக்குள் புழு போனதையும் குளவி வந்ததையும் கண்டவர்கள் அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. நடுவில் நடந்த விருந்துதான் அவர்கள் கண்ணில் படவில்லை.

அப்படியொரு விருந்தின் மிச்சத்தைச் செங்கற்பட்டுக்குத் தெற்கே, படாளத்துப் பக்கம், ஒரு கரும்புத் தோட்டத்தில் பார்த்தேன். தோட்டக்காரர் கரும்பைப் பிளந்து காட்டினார். துளைக்குள்ளே செத்துக் கிடந்தது இடைக்கணுப் புழு. பக்கத்தில் பஞ்சுத் துணுக்குப் போல வெள்ளைக் கூடுகள்.

"இந்தக் குளவி இருந்தா மருந்துச் செலவு மிச்சம் ஸார்" என்றார்.

கொட்டீசியா என்ற குட்டிக் குளவி அது. எறும்பளவுதான் இருக்கும். 1960-களில் நம் நாட்டிலிருந்து பார்படோஸ் தீவுக்குப் போய், அங்கே கரும்பைக் காத்த பெருமை அதற்கு உண்டு. ஒரு புழுவுக்குள் 30, 40 முட்டைகள் இடுகிறது. புழு சும்மா இருக்குமா? அதன் இரத்த அணுக்கள் முட்டையைச் சூழ்ந்து மூடிக் கொன்றுவிடும். அதற்காகவே குளவி முட்டையோடு ஒரு வைரஸையும் சேர்த்து அனுப்புகிறது. அது அந்த அணுக்களை முடக்கிவிடுகிறது.

இந்த வைரஸ் வெளியிலிருந்து தொற்றுவதல்ல. குளவியின் குரோமோசோமிலேயே கலந்து, தலைமுறை தலைமுறையாக வருகிறது. குளவியின் சூலகத்தில்தான் உருவாகும்; புழுவுக்குள் பெருகாது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு குளவிக்குள் புகுந்த பூச்சி வைரஸின் வம்சம் இது என்று 2009-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள்.

மறுநாள் மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்யும் பூனையின் முன்னே நின்றபோதும் இதே நினைப்புத்தான். எலிகள் நம்பிக் கைகூப்புகின்றன. பூனை தன் வேஷத்தை நினைத்தபோது கலைத்துவிடலாம். வைரஸுக்கு அந்த வழி இல்லை. திருட வந்தவன் வீட்டோடு கரைந்து போனான். புழு குளவியாகவில்லை, வைரஸ்தான் குளவியாகிவிட்டது.

அது முக்தியா, அடிமைத்தனமா? எனக்கு என் அத்தையின் ஞாபகம் வந்தது. பதினாறு வயதில் புகுந்த வீட்டுக்குப் போனவள், "பெரிய மருமகள்" என்றே வாழ்ந்து முடித்தாள். அவள் சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. அவள் போன இரண்டு வருஷத்துக்குள் அந்த வீடு மூன்று பாகமாயிற்று.